மாணவர் நடத்தும் பாப் இசை இதழ்: பக்க வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டை, உள்ளடக்கப் பக்கம், இரண்டு பக்கத்துக்கு விரியும் ஒரு சிறப்புக் கட்டுரை. ஊடகப் பாடத்துக்காகவோ சொந்த ஆசைக்காகவோ பாப் இசை இதழ் செய்யக் கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு பக்கங்களில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அந்த வேலையின்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்கிருந்து தொடங்குவது? கம்ப்யூட்டரைத் திறந்தால் கையே ஓடவில்லை.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு நாலு வெள்ளைத்தாள் எடுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன வரும், படம் எவ்வளவு இடம் பிடிக்கும், தலைப்பு எங்கே நிற்கும் என்று பென்சிலால் கட்டம் கட்டமாகக் கிறுக்குங்கள். பத்திரிகைக்காரர்கள் இதை டம்மி போடுவது என்பார்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. படத்துக்கு ஒரு பெருக்கல் குறி, எழுத்துக்கு நாலு கோடு, அவ்வளவுதான்.

படம் எடுக்கக் கிளம்பும் முன்பே இந்த டம்மி தயாராகிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மாணவர் இதழ்களில் கண்ணை உறுத்தும் குறைகளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல, கேமராவில் பிறந்தவை. தலைக்கு மேல் விரற்கடை இடம்கூட விடாமல் எடுத்த படத்தில் இதழின் பெயரை எங்கே வைப்பது? முகம் சரியாக நடுவில் இருக்கும் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்தால் மூக்கு மடிப்புக்குள் போய்விடும். எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் பக்கத்தை வரையுங்கள். அந்தப் பக்கம் என்ன படம் கேட்கிறதோ அதை எடுத்து வாருங்கள்.

"வாசகர் யார் என்று முடிவு செய்" என்கிறார்கள். பக்க வடிவமைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முழுச் சம்பந்தமும் உண்டு. பிரிட்டனில் 1978-ல் நிக் லோகன் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பதின்பருவத்தினருக்கான பாப் இதழ். அந்த வாசகர்களுக்குப் பாடலோடு சேர்ந்து பாட வேண்டும். அதனால் பாடல் வரிகளை அச்சிட்டது. அறைச் சுவரில் ஒட்ட வேண்டும். அதனால் பெரிய வண்ணப் படங்களைப் போட்டது. அதே லோகன் 1980-ல் தொடங்கிய 'தி ஃபேஸ்' இசையோடு உடை, இரவு வாழ்க்கை, கலை எல்லாவற்றிலும் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கானது. அங்கே வடிவமைப்பாளர் நெவில் பிராடி எழுத்துகளையே படம்போல வரைந்து பக்கம் அமைத்தார். தொடங்கியவர் ஒருவர்தான். வாசகர் மாறியதும் பக்கம் தலைகீழாக மாறியது.

உங்கள் வாசகரைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். வயது என்ன, பாட்டை எதில் கேட்கிறார், கச்சேரிக்குப் போவாரா, நீண்ட கட்டுரை படிக்கப் பொறுமை உண்டா? பின்னால் எழுத்தின் அளவு, நிறம், படங்களின் எண்ணிக்கை என்று எதில் சந்தேகம் வந்தாலும் இந்தப் பத்தியைக் கேளுங்கள். வாசகரை 'நீ' என்று கூப்பிடுவதா, 'நீங்கள்' என்பதா என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். அட்டையில் 'நீ', உள்ளே 'நீங்கள்' என்று மாறினால் இரண்டு வேறு இதழ்களைச் சேர்த்துத் தைத்ததுபோல் ஆகிவிடும்.

இதழின் பெயரை எப்படி வடிவமைப்பது?

பெயர் சின்னதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம். 1986 முதல் 2020 வரை வந்த பிரிட்டிஷ் இதழ் 'க்யூ' இதை எல்லை வரை கொண்டுபோனது: ஒரே எழுத்து, சிவப்புச் சதுரத்தில் வெள்ளையாக, அட்டையின் இடது மேல் மூலையில். தொலைவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

தமிழில் பெயர் வைத்தால் எழுத்துகளின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுங்கள். 'தாளம்' என்று பெயர் வைத்ததாகக் கொள்வோம். 'த'வின் வால் கீழே இறங்குகிறது, 'ம்' மேலே புள்ளி கேட்கிறது. ஒரு பட்டைக்குள் அடைக்கப் பார்த்தால் வாலுக்கும் புள்ளிக்கும் இடம் விட்டு நடு எழுத்துகள் சிறுத்துப்போகும். பட்டையைத் தூக்கிவிடுங்கள், வால் பட்டையைத் தாண்டி இறங்கட்டும், புள்ளியை ஒரு நிறவட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வட்டமே பின்னால் பக்க எண்ணுக்கு அருகிலும் கட்டுரை முடியும் இடத்திலும் இதழின் அடையாளமாக வரலாம். எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து விட்டுவிடாமல் ஓரிடத்திலாவது கை வைத்து மாற்றுங்கள். இதழ் உங்களுடையதாவது அங்கேதான்.

அட்டையில் எதை எங்கே வைப்பது?

முதலில் எதைப் பார்க்க வேண்டும், இரண்டாவதாக எதை, மூன்றாவதாக எதை என்று வரிசை போட்டுக்கொள்ளுங்கள். பாப் இதழ் அட்டையில் முதலிடம் கண்களுக்கு. பாடகர் இடுப்புக்கு மேல் தெரிய, நேராக வாசகரைப் பார்க்கும் படம் இத்தனை காலமாக நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: முகம் பார்த்தால் மனிதக் கண் நின்றுவிடும். இரண்டாவது இதழின் பெயர். மூன்றாவது, அந்த முகத்துக்குரிய கட்டுரையின் தலைப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு அட்டையைக் கட்டிப் பார்ப்போம். பாடகி கடுகு மஞ்சள் ஜாக்கெட் போட்டிருக்கிறார், பின்னணி வெளிர் நீலம். தலையின் உச்சி இதழ்ப் பெயரின் கீழ்ப்பாதியை லேசாக மறைக்கட்டும். முகம் எழுத்துக்கு முன்னால் வந்ததும் பக்கத்துக்கு ஆழம் கிடைக்கும். ஆனால் எழுத்தை அடையாளம் காட்டும் வளைவை மறைத்துவிடக் கூடாது. புதிய இதழுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாசகருக்குப் பெயர் இன்னும் பழகவில்லை. முக்கியக் கட்டுரைத் தலைப்பை மார்பளவு உயரத்தில், ஜாக்கெட்டின் மீது வெள்ளையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மேல் வெள்ளை எடுபடாது. அடர் நீலத்துக்கு மாற்றுங்கள், உடனே எழும்பி வரும். மற்ற வரிகள் இடது ஓரத்தில், தோளுக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தில். கடைகளில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கும்போது பல நேரம் இடது பக்கம்தான் வெளியே தெரியும் என்பதால் வந்த பழக்கம் இது.

வைத்து முடித்ததும் நாலடி பின்னால் போய்க் கண்ணை இடுக்கிப் பாருங்கள். மங்கலிலும் ஒரு விஷயம் தனியாகத் தெரிய வேண்டும். மூன்று விஷயங்கள் ஒரே அளவில் முட்டிக்கொண்டு தெரிந்தால் இரண்டைச் சுருக்குங்கள்.

இதழ் எண், மாதம், விலை ஆகியவை பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தால் போதும். பார்கோடு பயிற்சி இதழில் வெறும் தோற்றத்துக்குத்தான். கீழ் மூலையில் ஒதுக்கிவிடுங்கள்.

அட்டையில் எத்தனை வரிகள் போடலாம்?

முக்கியத் தலைப்பைத் தவிர நாலு, மிஞ்சினால் ஐந்து. எண்ணிக்கையைவிட என்ன சொல்கிறீர்கள் என்பது பெரிது. 'சிறப்புப் பேட்டி உள்ளே' என்ற வரி எந்த இதழுக்கும் பொருந்தும். 'மேடை ஏறும் முன் ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டேன்' என்று பாடகி பேட்டியில் சொல்லியிருந்தால் அதுதான் அட்டை வரி. ஏன் பேசமாட்டார் என்று தெரிந்துகொள்ளவாவது புரட்டுவார்கள்.

பாப் என்றால் பளீர் நிறங்கள்தான் வேண்டுமா?

பளீரென்று இருப்பது பாப்பின் இயல்பு, அதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எட்டு நிறத்தை அள்ளித் தெளிப்பது வேறு. மூன்று போதும்: ஒன்று முதன்மை நிறம், ஒன்று அதற்கு எதிராக நிற்பது, மூன்றாவது கறுப்போ வெள்ளையோ. முதன்மை நிறத்தைப் படத்திலிருந்தே எடுங்கள். மேலே சொன்ன அட்டையில் ஜாக்கெட்டின் மஞ்சளை இதழ்ப் பெயருக்கும் உள்ளடக்கப் பக்க எண்களுக்கும் கட்டுரையின் முதல் எழுத்துக்கும் கொடுத்தால் நான்கு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும்.

இளஞ்சிவப்பு போட்டால் பெண்களுக்கு, நீலம் போட்டால் ஆண்களுக்கு என்ற கணக்கை மறந்துவிடுங்கள். பாப் ரசிகர்கள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

எத்தனை எழுத்துரு பயன்படுத்தலாம்?

இரண்டு. தலைப்புக்கு ஒன்று, உடல்பகுதிக்கு ஒன்று. தடிமன், அளவு, நிறம் இவற்றை மாற்றியே வேண்டிய வேறுபாட்டைக் கொண்டுவரலாம்.

தலைப்பு எழுத்து ஆடலாம், பாடலாம். உடல்பகுதி எழுத்து வாசகர் கவனிக்காத அளவுக்கு அமைதியாக இருக்க வேண்டும். தமிழில் இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன: தலைப்புக்குப் 'பலூ தம்பி', 'கேட்டமரான்' இவற்றின் தடித்த வடிவங்கள், இயல்பிலேயே தடித்த 'காயினி', வாசிக்கும் பகுதிக்கு 'முக்தா மலர்', 'ஹிந்த் மதுரை', 'நோட்டோ செரிஃப் தமிழ்'. எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை, அச்சிலும் பயன்படுத்தலாம்.

ஆங்கில இதழைப் பார்த்து 9 பாயிண்ட் (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) எழுத்தும் 11 பாயிண்ட் வரி உயரமும் வைத்தால் தமிழ் மூச்சுத் திணறும். மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும், கீழே வாலும் சுழியும் இருப்பதால் வரிகள் ஒன்றோடொன்று உரசும். 10 அல்லது 10.5 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி உயரம் என்று தொடங்கி, அச்செடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரிட் கட்டாயமா? கட்டம் போட்டால் இறுக்கமாகிவிடாதா?

கட்டம் இருந்தால்தான் மீறினால் தெரியும். ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். இரண்டு ஓரமும் 15 மி.மீ. விட்டால் மிச்சம் 180. மூன்று பத்தியாகப் பிரித்து இடையில் 5 மி.மீ. சந்து விட்டால் ஒரு பத்தி ஏறத்தாழ 57 மி.மீ. 10.5 பாயிண்ட் தமிழில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் பிடிக்கும். நான்கு பத்தியாக்கினால் 41 மி.மீ.தான், தமிழின் நீளமான சொற்களுக்கு அது போதாது, செய்தித்துணுக்குக்கு வேண்டுமானால் சரி.

இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்துவிடாதீர்கள். குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொல் வந்தால் இடையில் பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். இடது ஓரம் நேராகவும் வலது ஓரம் ஏறி இறங்கியும் இருக்கட்டும். வாசிக்கவும் சுகம், பாப் இதழின் துள்ளலுக்கும் பொருந்தும். பக்கத்துப் பத்திகளின் வரிகள் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அந்த ஒழுங்கு இருந்துவிட்டால் ஒரு படத்தைச் சாய்த்து வைத்தாலும், ஒரு மேற்கோளை இரண்டு பத்திக்குக் குறுக்கே போட்டாலும் பக்கம் தாங்கும்.

உள்ளடக்கப் பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். மாணவர் இதழ்களில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். அட்டையைப் பார்த்துத் திறந்தவர் அந்தக் கட்டுரை எந்தப் பக்கம் என்று தேடிவருகிறார். மூன்று நொடியில் கிடைக்க வேண்டும். பக்க எண்ணைப் பெரிதாக்கித் தலைப்பை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு இதழிலும் வரும் பகுதிகள் (புதுப் பாடல்கள், வாசகர் கடிதம், கச்சேரி நாட்கள்) தனியாக, இந்த இதழின் சிறப்புக் கட்டுரைகள் தனியாக. அட்டைக் கட்டுரைக்கு ஒரு படம், அதன் மேலேயே பக்க எண். அட்டையில் எடுத்த படத்தையே இங்கே மறுபடி போடாதீர்கள். அதே நாளில் எடுத்த வேறொன்று, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கணம், நன்றாக இருக்கும்.

அட்டையில் சொன்ன ஒவ்வொன்றும் உள்ளடக்கத்தில் இருக்கிறதா, அந்த எண்ணுள்ள பக்கத்தில் உண்மையிலேயே அது இருக்கிறதா? இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

இரட்டைப் பக்கக் கட்டுரையை எப்படி அமைப்பது?

இதுதான் கட்டிப் பார்க்க மிக இன்பமான பக்கம். இரண்டு பக்கம் என்று நினைக்காமல் 420 மி.மீ. அகலமுள்ள ஒரே தாளாக நினையுங்கள், நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது என்ற நினைவோடு.

பிடிமானமான அமைப்பு ஒன்று: இடது பக்கம் முழுக்கப் படம், வலது பக்கம் எழுத்து. பாடகர் வலப்பக்கமாகப் பார்க்கட்டும். அவர் பார்வை வாசகரைக் கட்டுரைக்குள் தள்ளும். வெளியே பார்த்தால் வாசகரும் வெளியே போவார். இன்னும் துணிச்சலாக வேண்டுமென்றால் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்து, முகத்தை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நிறுத்தி, மிச்சமிருக்கும் வெறும் சுவரில் எழுத்தை ஓட விடலாம். அதற்குப் பின்னணி ஒரே நிறமாக இருக்க வேண்டும். இலைகளும் ஜன்னல்களும் உள்ள படத்தின் மேல் 10 பாயிண்ட் எழுத்தை வாசிக்க முடியாது, நிழல் கொடுத்தாலும் சரி, வெளிக்கோடு கொடுத்தாலும் சரி.

தலைப்பு மடிப்பைத் தாண்டலாம், ஆனால் இரண்டு சொல்லுக்கு இடையில் மடிப்பு விழும்படி நகர்த்துங்கள். 'கொ' போன்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் மெய் மறுபக்கமும் போனால் வாசிக்கவே வராது.

அடுத்தது லீட். யார் இவர், ஏன் இப்போது இவரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பதை இரண்டு மூன்று வரியில், 14 முதல் 16 பாயிண்ட் அளவில். அதற்குக் கீழே எழுதியவர், படம் எடுத்தவர் பெயர்கள். பிறகு கட்டுரை. முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்குவது அழகு, ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'கொ', 'மௌ' போன்றவை கண்ணுக்கு ஒரே எழுத்து, உள்ளே மெய்க்கு ஒரு குறி, உயிருக்கு ஒரு குறி என்று இரண்டு. ஒரே குறியைப் பெரிதாக்கச் சொன்னால் சில மென்பொருள்கள் எழுத்தைப் பிய்த்துவிடும். எண்ணிக்கையை இரண்டாக்கிப் பாருங்கள்; அல்லது 'அ', 'ப', 'ம' போல் துணைக்குறி இல்லாத எழுத்தில் முதல் சொல்லைத் தொடங்குங்கள்.

நடுவே ஒரு மேற்கோளை எடுத்துப் பெரிதாகப் போடலாம். கட்டுரையில் அவர் சொன்ன அதே சொற்கள் இருக்க வேண்டும், கூர்மைக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. கட்டுரையில் அந்த வாக்கியம் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், இரண்டு முறை படித்ததுபோல் இருக்கும். பெட்டிச் செய்தி ஒன்று (பாடகருக்குப் பிடித்த ஐந்து ஆல்பங்கள், ஒரு பாட்டு உருவான கதை) கட்டுரையை முழுதாகப் படிக்காதவரையும் பக்கத்தில் நிறுத்தும். கட்டுரை முடியும் இடத்தில் ஒரு சின்ன அடையாளம்.

இத்தனையும் வைத்த பிறகு கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருந்தால் அதை நிரப்பக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். இசையில் மௌனத்துக்கு இருக்கும் வேலை பக்கத்தில் வெள்ளைக்கு உண்டு.

படம் எடுக்கும் நாளில் என்னென்ன எடுக்க வேண்டும்?

டம்மியை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். அட்டைக்குச் செங்குத்தாக, தலைக்கு மேல் கால்பங்கு இடம் விட்டு. இரட்டைப் பக்கத்துக்குக் கிடைமட்டமாக, ஒரு பக்கம் நிறைய இடம் விட்டு. உள்ளடக்கத்துக்கு முகபாவம் வேறு வேறாக நாலைந்து. பிறகு அருகிலிருந்து சில: கிட்டார் கம்பியில் விரல், மைக்கைப் பிடித்த கை, கழற்றிப் போட்ட ஹெட்ஃபோன், ஷூ லேஸ். பத்திக்கு நடுவில் சின்ன இடம் காலியாகும்போது இவைதான் காப்பாற்றும். இரண்டு உடைகளாவது கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே உடையில் நான்கு பக்கமும் வந்தால் ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டதுபோல் ஆகும்.

ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழ, மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் முகத்தில் நிழல் மென்மையாகும்.

ஃபோன் கேமரா போதுமா?

அட்டைக்குப் போதும். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் ஃபோன் படம் ஏறத்தாழ 3000 × 4000. கணக்கு சரியாகிறது, படத்தில் பாதியை வெட்டி எறியாத வரை. இரட்டைப் பக்கத்துக்கு விரித்தால் 240 டிபிஐ சுமாருக்கு இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. டிஜிட்டல் ஜூம் மட்டும் வேண்டாம், கிட்டப் போய் எடுங்கள்.

இன்னொன்று: படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் போய்ச் சேரும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது கேபிளில் இறக்குங்கள்.

இணையத்தில் கிடைக்கும் நட்சத்திரங்களின் படத்தைப் போடலாமா? பாடல் வரிகளை?

படம் எடுத்தவருக்கு உரிமை இருக்கிறது, அனுமதியில்லாமல் கூடாது. பல ஊடகப் பாடத்திட்டங்கள் மாணவர் தானே எடுத்த படத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. நண்பர் ஒருவரைப் பாடகராக நிறுத்திக் கற்பனைப் பெயர் கொடுங்கள். இல்லை, உங்கள் கல்லூரியில் உண்மையிலேயே பாடும் ஒருவரைப் பேட்டி எடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. உண்மையான பதிலில் வரும் தயக்கமும் வேகமும் கற்பனைப் பேட்டியில் வருவது கடினம். யாராக இருந்தாலும் படத்தை வெளியிட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் பெற்றோரிடமும்.

பாடல் வரிகளுக்கும் பதிப்புரிமை உண்டு. முழுப் பாடலை அச்சிட அனுமதி வேண்டும்.

ஏஐ வரைந்த முகத்தை அட்டையில் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ரசிகர் தேடிவருவது பாடும் ஒரு மனிதரை.

விதிகளை மீறிய இதழ்கள்தானே பேர் வாங்கியிருக்கின்றன?

சில வாங்கியிருக்கின்றன, காரணத்தோடு. 1976-ல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய 'ஸ்னிஃபின் க்ளூ' டைப்ரைட்டரும் ஸ்கெட்ச் பேனாவும் ஜெராக்ஸுமாக வந்தது. பங்க் இசையே அப்படிக் கரடுமுரடானது, அதனால் ஒட்டியது. வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் 1994-ல் 'ரே கன்' என்ற அமெரிக்க இசை இதழில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டியைச் சலிப்பாக இருக்கிறதென்று 'ஸாஃப் டிங்பேட்ஸ்' என்ற சின்னங்கள் மட்டுமே உள்ள எழுத்துருவில் அடித்தார். ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. வடிவமைப்பு வகுப்புகளில் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் நேரம் ஒதுக்கிப் பேட்டி கொடுத்தவருக்கும் அதைப் படிக்க வந்தவருக்கும் அது என்ன கொடுத்தது என்று கேட்டால் எனக்குத் திருப்தியான பதில் கிடைப்பதில்லை.

நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் மீறல் வேறு. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான் கொல்லப்பட்ட 1980 டிசம்பர் 8 அன்று, அதற்குச் சில மணி நேரம் முன்பு புகைப்படக்காரர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது: ஆடையில்லாமல் சுருண்டு, மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டிருக்கும் லெனான். 1981 ஜனவரியில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதை அட்டையில் போட்டபோது கட்டுரைத் தலைப்பு எதையும் படத்தின் மேல் வைக்கவில்லை. எழுதச் சொல் இல்லாத நேரத்தில் எழுதாமல் விட்டார்கள். விதியை மீறுவதென்றால் விஷயம் அதைக் கேட்க வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

பல பக்கம், நிறைய எழுத்து என்றால் இன்டிசைன். தமிழுக்குப் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ்; தமிழ் ஒழுங்காக வர 1.6 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அட்டை மட்டும் என்றால் ஃபோட்டோஷாப் அல்லது கிம்ப். கேன்வாவில் வேகமாக முடியும், ஆனால் அதன் வார்ப்புருவை அப்படியே எடுத்தால் அதே பக்கம் இன்னும் பல பேரிடம் இருக்கும்.

அச்சுக்கு அனுப்பும்முன் என்ன செய்ய வேண்டும்?

ஓரம் வரை போகும் படமும் நிறமும் தாளின் அளவைத் தாண்டி நாலு பக்கமும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு ப்ளீட் என்று பெயர். வெட்டும் கத்தி ஒரு நூல் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது. அதேபோல் முக்கியமான எழுத்து எதுவும் வெட்டும் ஓரத்திலிருந்து 5 மி.மீ.க்குள் வரக் கூடாது.

திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சு மையில் அப்படி வராது. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலிருந்து அச்சின் நாலு மைக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றி, மங்கியதைப் பார்த்துவிட்டு நிறம் முடிவு செய்யுங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்று மட்டும், 100 சதவீதம். நாலு மையும் கலந்த கறுப்பு கொஞ்சம் விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசியும்.

நடுவில் பின் அடிக்கும் இதழென்றால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும்: 8, 12, 16. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருக்களை உள்ளே பதித்துவிடுங்கள்.

அதன்பிறகு உண்மை அளவில் ஒரு பிரதி அச்செடுத்து, மடித்து, கையில் வைத்துப் புரட்டுங்கள். திரையில் 60 சதவீதத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தலைப்பு தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது தெரியவருவது அப்போதுதான்.

திரையில் மட்டும் வெளியிட்டால்?

ஃபோனில் ஏ4 இரட்டைப் பக்கம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கங்களை ஒற்றையாகக் கொடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், உள்ளடக்கத்தில் ஒவ்வொரு தலைப்பையும் சுட்டியாக்குங்கள்.

நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் செய்கிறோம். ஒன்றுபோல் வருமா?

ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையில் வைத்துக்கொண்டால் வரும்: எழுத்துருக்கள், அளவுகள், மூன்று நிறங்களின் எண்கள், ஓர இடைவெளி, பக்க எண் நிற்கும் இடம். நாலு பக்கத்தையும் அடிக்கடி சுவரில் ஒட்டி அருகருகே பாருங்கள். கடைசி முடிவு ஒருவரிடம் இருக்கட்டும்.

அச்சடித்த பிறகு பிழை கண்ணில் பட்டால்?

ஒற்றுப்பிழை என்றால் அடுத்த இதழுக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடியவர், எழுதியவர், படம் எடுத்தவர் இவர்களில் ஒருவரின் பெயர் தவறாக வந்திருந்தால் மட்டும் பிரதிகளைக் கொடுக்காமல் நிறுத்துங்கள். அதே எழுத்துருவில், அதே அளவில் சரியான பெயரை ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.